முப்பத்து நான்கு டப்பாக்கள்

நான்கு மாதம் சிறை என்று தீர்ப்பானது. சிறைக்குப் போய்ச் சேர நீதிபதி பத்து நாள் அவகாசம் கொடுத்தார். அந்தப் பத்து நாளில் என்ன செய்வது என்று அவள் யோசிக்கவே இல்லை. வீட்டுக்கு வரும் வழியில் கறிக்கடையில் இறங்கி ஆறு கோழி வேண்டும் என்றாள்.

"விசேஷமா?" என்று கேட்டார் கறிக்கடைக்காரர்.

"இல்ல. சமைச்சு உறைய வைக்கப் போறேன். எவ்வளவு நாள் தாங்கும்?"

"சமைச்சதுன்னா மூணு மாசம், மிஞ்சிப்போனா நாலு. அதுக்கு மேல கெடாது, ஆனா சக்கையா ஆயிடும்."

நாலு மாதம் போதும் என்றாள். அவர் தொடையைத் தனியாக, நெஞ்சுக்கறியைத் தனியாக வெட்டிக் கொடுத்தார்.

அவள் ரொட்டித் தொழிற்சாலையின் வண்டியைப் பதினோரு வருடம் ஓட்டியவள். கடைகள் திறக்கும் முன் ரொட்டி போய்ச் சேர வேண்டும் என்பதால் விடிவதற்குள் கிளம்பிவிடுவாள். எட்டு மாதத்துக்கு முன் ஒரு நாள், பனி மூடியிருந்த காலை வேளையில், சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெயிண்டரை அவள் வண்டி இடித்தது. உயிர் பிழைத்தார். வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். பனிதான் காரணம் என்று எல்லோரும் நினைத்தார்கள். இடித்த நொடியில் தன் கண் ரோட்டில் இல்லை, கைப்பேசியில் இருந்தது என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். அதை அவளே நீதிமன்றத்தில் சொன்னாள். வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கணவர் தையற்காரர். ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி தேடாதவர். ஆனால் அடுப்படியில் வெந்நீர் போடச் சொன்னாலும் அடிப்பிடிக்க விடுகிற ஆள். மகளுக்குப் பத்து வயது. வீட்டில் 'வாலு' என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். இவர்கள் இருவரும் நான்கு மாதம் ரொட்டியும் முட்டையுமாக ஓட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். வாரத்துக்கு இரண்டு நாளாவது வாய்க்கு ருசியாகச் சாப்பிடட்டும் என்று கணக்குப் போட்டாள். பதினேழு வாரம், முப்பத்து நான்கு டப்பா.

இழுத்து மூடிவிட்ட ஓர் ஐஸ்கிரீம் கடையிலிருந்து கணவர் ஒரு பழைய உறைபெட்டியை வாங்கி வந்தார். சவப்பெட்டி மாதிரி நீளமாக, மேலே தூக்கித் திறக்கும் மூடியோடு இருந்தது. மூடியில் கூம்பு ஐஸ்கிரீம் படம். அதைச் சுரண்டிப் பார்த்தார், போகவில்லை.

எட்டு நாள் சமைத்தாள். குழம்பு, தக்காளி போட்டுப் பிரட்டியது, எலும்பு கொதிக்கவைத்த சூப், கொத்துக்கறி உருண்டை. உருளைக்கிழங்கு போடவில்லை, உறைந்து இளகினால் மாவாகிவிடும். சூடு ஆறும்வரை அகலத் தட்டில் பரப்பி வைப்பாள். டப்பாவை விளிம்புவரை நிரப்பாமல் விரல் அளவு இடம் விடுவாள். உறையும்போது உப்பி மூடியைத் தள்ளிவிடும். பத்து டப்பாவில் மட்டும் சமைக்காத துண்டுகள், மசாலாவில் புரட்டியபடியே. அவற்றை வறுத்தால் போதும். எல்லாவற்றின்மேலும் காகிதம் ஒட்டி எழுதினாள். 'முதல் நாள் ராத்திரியே எடுத்து ஃப்ரிட்ஜில் வைக்கவும். நன்றாகக் கொதிக்க வேண்டும். மிச்சத்தைத் திரும்ப உறைய வைக்காதே.'

ஒன்பதாம் நாள், கணவர் தடுத்தும் கேட்காமல், தனியாக எடுத்துவைத்திருந்த நான்கு டப்பாக்களோடு பெயிண்டர் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி கதவைத் திறந்து, ஆளை அடையாளம் தெரிந்துகொண்டு, உள்ளே போய்விட்டாள். பெயிண்டர் ஊன்றுகோலோடு வாசலுக்கு வந்தார்.

"என்னங்க இது?"

"கோழிக் குழம்புங்க. நாளைக்கு நான் உள்ள போறேன். அதுக்கு முன்னாடி..."

அவர் பையைப் பார்த்தார். கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நாலு மாசத்துல நீங்க வீட்டுக்கு வந்துடுவீங்க. எனக்குக் கால் வராதும்மா. கோர்ட்ல உண்மையைச் சொன்னீங்க, அது போதும். இத எடுத்துட்டுப் போயிடுங்க. எங்களால சாப்பிட முடியாது."

பையோடு திரும்பி வந்தாள். கணவர் அதை வாங்கி, டப்பாக்களை உறைபெட்டியில் அடுக்கினார்.

மகளிடம் அவள் பனி என்றுதான் சொல்லியிருந்தாள். பனியில் கண் தெரியவில்லை, ஒருவருக்கு அடிபட்டுவிட்டது, அதற்காக அம்மா கொஞ்ச நாள் ஓர் இடத்தில் இருக்க வேண்டும். நீதிபதிக்கு முன் சொல்ல முடிந்ததை அந்தப் பத்து வயது முகத்துக்கு முன் சொல்ல அவளால் முடியவில்லை.

ஐந்தாவது வாரம் இருவரும் அவளைப் பார்க்கச் சிறைக்கு வந்தார்கள். கணவரின் சட்டை தொளதொளவென்று தொங்கியது, அவரே தைத்த சட்டை.

"சாப்பிடறீங்களா இல்லையா?"

"எங்க சாப்பிட விடறா? மூணு டப்பாதான் எடுத்திருக்கோம். நான் கை வெச்சா அழறா. தினமும் ஸ்கூல் விட்டு வந்ததும் மூடியைத் திறந்து நீ எழுதினதைப் படிச்சிட்டு மூடறா."

அவள் மகளின் பக்கம் திரும்பினாள். "ஏன்டி வாலு?"

"சாப்பிட்டா தீந்துடும்ல."

பார்வை நேரம் முடியப் போகிறது என்று காவலர் சொல்லிவிட்டுப் போனார். அவசரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "தீரணும்டி. எல்லா டப்பாவும் தீந்ததும் அம்மா வந்துடுவேன். அதனால நல்லா சாப்பிடு."

மகள் தலையாட்டினாள். அழவில்லை.

மறுவாரமே அது நடந்தது. தையற்காரர் கடையிலிருந்து திரும்பியபோது உறைபெட்டிக்குக் கீழே தண்ணீர் தேங்கியிருந்தது. மூடி ஒரு சாண் அளவுக்குத் திறந்து கிடந்தது. மேலே இருந்த டப்பாக்கள் இளகிவிட்டன, அடியில் இருந்தவை பாதி. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கறிக்கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"தொட்டா சில்லுன்னு இருக்கா?"

"இருக்கு. நல்லா சில்லுன்னுதான் இருக்கு."

"அப்ப இன்னிக்கே எல்லாத்தையும் கொதிக்க வெச்சு சாப்பிட்டுடுங்க. திரும்ப மூடி வெச்சு உறைய வைக்கிற வேலை வேணாம். சில்லிப்பு இல்லாதது எதையும் யோசிக்காம கொட்டிடுங்க."

மாடி வீட்டு அக்கா பெரிய பாத்திரத்தோடு வந்தாள். எதிர்வீட்டு அடுப்பும் எரிந்தது. சமைக்காத துண்டுகளைத் தையற்காரர் தானே வறுத்தார். முதல் சட்டி கரியானது. இரண்டாவது சட்டிக்குத் தீயைக் குறைக்க வேண்டும் என்று புரிந்தது. கட்டடத்தில் இருந்த ஒன்பது வீட்டுக்காரர்களும் அன்று சாயங்காலம் அவள் சமைத்ததைச் சாப்பிட்டார்கள். அவள் எங்கே இருக்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வாலு மட்டும் தட்டுத் தட்டாக எடுத்துப் போய்க் கொடுத்தாள், முகமெல்லாம் சிரிப்பாக. பெண் தேறிவிட்டாள் என்று அப்பா நினைத்துக்கொண்டார்.

அடுத்த முறை வந்தபோது மகள் தன் சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கையில் அம்மாவின் செருப்பைப் பிடித்திருந்தாள்.

"எதுக்குடி செருப்பு?"

"எல்லா டப்பாவும் தீந்துடுச்சும்மா. ஒண்ணு கூட இல்ல. போலாமா?"

அப்பாவுக்கு அப்போதுதான் விளங்கியது. "நீயா வாலு மூடியைத் திறந்து வெச்ச?"

"நான்தான். அப்பதானே சீக்கிரம் தீரும்?"

அவள் மேஜைமேல் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டாள்.

"வாலு, இங்க பாரு. டப்பாவுக்கும் நான் வரதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. உன்னைச் சமாதானப்படுத்த நான் பொய் சொன்னேன். இன்னொரு பொய்யும் சொல்லியிருக்கேன்."

"என்ன?"

"பனி இருந்தது. ஆனா பனியால இடிக்கல. வண்டி ஓட்டும்போது போன்ல மெசேஜ் வந்துச்சு. அதப் பார்த்தேன். ரோட்ட பாக்கல. அதனால ஒருத்தருக்குக் கால் போயிடுச்சு. தப்பு என்னோடது. அதுக்குத்தான் இங்க இருக்கேன். இன்னும் பத்து வாரம் இருக்கணும்."

மகள் செருப்பை மேஜைமேல் வைத்தாள்.

"கால் முழுசாவா?"

"முழங்காலுக்கு மேல வரைக்கும்."

"அவருக்கு வலிக்குமா?"

"வலிக்கும்."

மகள் எழுந்து அப்பாவின் பக்கம் போய் நின்றுகொண்டாள். விடைபெறும்போது அம்மாவைத் தொடவில்லை. அடுத்த இரண்டு முறை தையற்காரர் தனியாகத்தான் வந்தார். "கேட்டா தலைவலிங்கறா. விடு, வருவா," என்றார். அவள் வற்புறுத்தவில்லை. அந்த நாட்களில் சிறைச் சமையலறையில் வெங்காயம் உரிக்கும் வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மூன்றாவது முறை வாலு வந்தாள். உட்கார்ந்ததுமே, "கோழியை ஊற வைக்கும்போது உப்ப எப்பம்மா போடணும்? அப்பா கடைசியில போடறாரு, உள்ள இறங்கவே மாட்டேங்குது," என்றாள்.

"முதல்லயே போடணும். மசாலாவோட சேர்த்துப் புரட்டணும்."

"நான் சொன்னேன், கேக்கல," என்று மகள் அப்பாவை முறைத்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, மேஜைக்கு அடியில் அம்மாவின் முழங்காலைக் கையால் தொட்டாள். அங்கேயே கையை வைத்திருந்தாள்.

நான்கு மாதம் முடிந்து அவள் வீட்டுக்கு வந்தாள். இப்போது ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பகுதியில் நிற்கிறாள். வண்டி ஓட்டுவதில்லை, ஓட்டச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. பெயிண்டர் ஒரு பெயிண்ட் கடையில் உட்கார்ந்து வண்ணம் கலக்கிக் கொடுக்கிறார். வேறு தெரு வழியாகப் போனால் அவளுக்குக் கால் மணி நேரம் மிச்சமாகும். ஆனாலும் அந்தக் கடை வழியாகவேதான் நடந்து போகிறாள். அவர் நிமிர்ந்து பார்த்தால் நிற்கிறாள். இதுவரை அவர் பேசியதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேருமாகச் சமைக்கிறார்கள். தையற்காரருக்குக் குழம்பு பரவாயில்லாமல் வருகிறது. ஆறியதும் வாலு டப்பாக்களில் ஊற்றி, விரல் வைத்து அளந்து, தன் கோணல் எழுத்தில் தேதி மட்டும் எழுதி ஒட்டுகிறாள்.