ஒலாவியின் ஆழ்ந்த கவலை

உலகப் படத்தில் ஒலாவித் தீவுகளைத் தேடினால், ஈ உட்கார்ந்து எழுந்த இடம் போலத் தெரியும். அந்த நாட்டுக்கும் துபாயில் ஒரு கௌரவத் தூதர் இருந்தார். பெயர் பாண்டித்துரை. தொழில், டைல்ஸ் வியாபாரம். ஒலாவியை அவர் கண்ணால் பார்த்ததில்லை. அந்நாட்டு அமைச்சர் ஒருவர் வீட்டுக்கு இத்தாலியக் கல் பதித்துக் கொடுத்ததில் பதவி தேடி வந்தது. அல் குசைஸில் அவருடைய கடைக்கு மேல்மாடிதான் தூதரகம். அதன் ஒரே ஊழியர் யாழ்ப்பாணத்துக் கோசலா.

வளைகுடாவில் ஏவுகணை பறக்கத் தொடங்கியதும் அவளுக்கு அறிக்கை தட்டச்சு செய்வதே வேலையாகிவிட்டது. பெரிய நாடுகள் அடித்துக்கொள்ள, ஒலாவி உட்கார்ந்து கவலைப்பட்டது. துறைமுகம் கட்டிக் கொடுத்த நாடு குண்டு போட்டால் 'கவலை'. விளையாட்டு அரங்கம் கட்டிக் கொடுத்த நாடு போட்டாலும் 'கவலை'. ஒன்றும் கட்டிக் கொடுக்காத நாடு போட்டால் மட்டும் 'ஆழ்ந்த கவலை'.

இந்த வெட்கங்கெட்ட கவலையைப் பார்த்தாலே கோசலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுடைய தம்பி நிருபன் வேலை செய்த சரக்குக் கப்பலில் பறந்தது ஒலாவிக் கொடி. கண்ட கண்ட கப்பலுக்கெல்லாம் கொடியை வாடகைக்கு விட்டுத்தான் அந்த நாடு பிழைத்தது. ஏவுகணைச் சிதறல் பட்டு இயந்திரம் நின்றுபோய், கப்பல் கரை தெரியும் தூரத்தில் நங்கூரம் போட்டுக் கிடந்தது. கப்பல் முதலாளி கைபேசியை அணைத்துவிட்டுத் தலைமறைவானான். கொடிக்குரிய நாடு கேட்டால்தான் ஆட்களை இறக்க முடியும் என்றார்கள் துறைமுகத்தில். ஒலாவியைக் கேட்டால், "கப்பலில் எம் குடிமக்கள் எவரும் இல்லை" என்று பதில் வந்தது. கொடி அவர்களுடையது, வாடகையும் அவர்களுடையது. தாகம் மட்டும் யாரோ பெற்ற பிள்ளைகளுடையது.

"சேர், கப்பல்ல குடிக்கிற தண்ணி முடியுதாம்," என்றாள் கோசலா. "நாளைக்குப் பெருநாள் வாழ்த்துச் சொல்ல ஜைத் வீட்டை போறம்தானே? துறைமுகத்துக்கு அவர்தான் பெரியவர். ஒருக்காக் கதைச்சுப் பாருங்கோ."

"நல்ல நாளும் அதுவுமா அரசியலா?" என்றார் பாண்டித்துரை. "சின்ன நாடு வாயை மூடிக்கிட்டு இருந்தாத்தாம்மா மரியாதை. நீ அரபி பேசுறதுக்கு மட்டும் வா, போதும்."

ஜைத்தின் விருந்துக் கூடத்தில் பிடியில்லாத சின்னக் கோப்பைகளில் ஏலக்காய் மணக்கும் காப்பி வந்தது. பாண்டித்துரை முகர்ந்து பார்த்தார். சர்க்கரை இல்லை, பாலும் இல்லை. அவருக்கோ வயிற்றில் அல்சர். உதட்டில்கூடப் படாமல் கோப்பையை முன்னால் வைத்துவிட்டார்.

கூடத்தில் பேச்சு நின்றது. கோசலா அந்தக் கோப்பையையே பார்த்தாள். ஜித்தாவில் ஓர் அரபு வீட்டில் வேலை பார்த்த காலத்தில் இதை அவள் பார்த்திருக்கிறாள். காப்பியைத் தொடாமல் வைக்கும் விருந்தாளி பெரிய காரியம் ஒன்று கேட்டு வந்திருக்கிறான். தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தால்தான் குடிப்பான். அவன் குடிக்காமல் எழுந்து போனால் வீட்டுக்காரருக்குத் தலைகுனிவு.

"காப்பியைக் குடியுங்கள், தூதரே," என்றார் ஜைத் அரபியில். "என்ன வேண்டுமென்று சொல்லுங்கள்."

கோசலா தன் முதலாளிக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தாள். "என்ன வேணுமெண்டு கேக்கிறார், சேர். எதைக் கேட்டாலும் தருவார். வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

பாண்டித்துரைக்கு முகமெல்லாம் பல். "அப்படியா! அவரோட ஒரு போட்டோ எடுத்துக்கலாமான்னு கேளு. கடையில பெருசா மாட்டணும்."

அந்தக் காப்பியை எடுத்து அவர் தலையிலேயே கொட்டலாமா என்றிருந்தது கோசலாவுக்கு. இப்படியும் ஒரு தூதர், இவருக்கும் ஒரு நாடு! அவள் ஜைத்தின் பக்கம் திரும்பினாள். "எங்கள் கொடி பறக்கும் கப்பலில் ஆட்கள் தண்ணீரில்லாமல் கிடக்கிறார்கள். அவர்களைக் கரையிறக்கித் தரும்படி தூதர் கேட்கிறார்," என்றாள் அரபியில்.

ஜைத் பாண்டித்துரையின் பல்லைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். 'போட்டோ' என்ற சொல்லுக்குத் துபாயில் யாருக்கும் மொழிபெயர்ப்பு வேண்டாம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வேலை போயிற்று, விசா போயிற்று, தம்பியும் போய்விட்டான் என்றே நினைத்தாள்.

"ஆட்கள் நாளை இறங்குவார்கள்," என்றார் ஜைத், சிரிக்காமல். "தூதருக்குப் படமும் உண்டு."

"சம்மதமாம் சேர். கோப்பியைக் குடிக்கட்டாம்," என்றாள். பாண்டித்துரை கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

சொன்னபடியே மறுநாள் எல்லோரும் கரையிறங்கினார்கள். நிருபன் அக்காவின் அறையில் தண்ணீர்ப் போத்தலைக் கட்டிப்பிடித்தபடி தூங்கினான். அந்த வாரம் ஒலாவியிலிருந்து வந்த அறிக்கையில் கவலை இல்லை. தூதரின் மௌன ராஜதந்திரம் கண்டு தேசமே பெருமிதம் கொள்வதாக இருந்தது. கோசலா பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் தட்டச்சு செய்தாள்.

சுவரில் மாட்டிய படத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றார் பாண்டித்துரை. "பாத்தியா? வாயைத் தொறக்காமலே காரியம் முடிஞ்சிருச்சு. சின்ன நாடுன்னா இப்படி இருக்கணும்."

"ஓம் சேர்," என்றாள் கோசலா நிமிராமல். "அண்டைக்குக் குடிக்காமல் வச்சீங்கள் பாருங்கோ, அதுதான் பெரிய ராஜதந்திரம்."

"அட, அது அல்சரும்மா," என்று வயிற்றைத் தடவிக்கொண்டார் ஒலாவியின் தூதர்.