ஒட்டுக்குக் கீழே துளிர்த்த மாமரம்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. பக்கத்து வீட்டு மிலா அக்கா வேலிக்கு மேலே தலையை நீட்டி, "உன்கிட்ட ஒண்ணு சொல்றேன், எழுதித் தொலைச்சிடாதே" என்றாள். அப்படிச் சொன்னால் எழுதாமலிருக்க நான் என்ன சாமியாரா?

"எங்க மாமரம், நாங்க வாங்கின மாமரமே இல்லடி."

ஆரம்பத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

'சூலா விஸ்டாவின் கூரைகளில் மாலை வெயில் பொன்னை உருக்கி—' சீ, அடித்தாயிற்று.

'மரங்களும் மனிதர்களைப் போலத்தான்—' இதையும் அடித்தாயிற்று. மரங்கள் மனிதர்களைப் போல இல்லை. குறைந்தபட்சம் புளுகுவதில்லை.

'மிலா அக்காவின் கணவர் இசித்ரோ பாக்குலோட் அமெரிக்கக் கடற்படைக் கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்று, வீட்டுக் கொல்லையில் மாமரம் வைத்தார்.' இது இருக்கட்டும். பேச்சு வளர்க்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறது.

2

எங்கள் ஊரில் பனிமழை கிடையாது. ஆனால் ஜனவரியில் ஓரிரு விடியல்களில் உறைபனி படிந்து புல் வெளுத்துக் கிடக்கும். மாமரத்தைக் கொல்ல அது போதும். அதனால் எங்கள் தெருவில் கிறிஸ்துமஸ் விளக்குச் சரத்தை யாரும் பிப்ரவரிக்கு முன்னால் கழற்ற மாட்டோம். பழைய குண்டு பல்பு தொட்டால் சுடும். அந்தச் சரத்தை மரத்தில் சுற்றி, மேலே பழைய போர்வையைப் போர்த்திவிடுவோம். வெளியூர்க்காரர்கள் எங்களைப் பக்திமான்கள் என்றோ சோம்பேறிகள் என்றோ நினைத்துக்கொள்வார்கள்.

நான்கு வருஷத்துக்கு முன்பு மிலா அக்கா கரண்ட் பில்லுக்குப் பயந்து பழைய சரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது மாதிரி விளக்கு வாங்கி வந்தாள். நீலமும் வெள்ளையுமாக அவ்வளவு அழகு. ஆனால் தொட்டால் சுடவில்லை. சுடாத விளக்கில் மரம் எப்படிக் குளிர் காயும்? அந்த ஜனவரியில் மரம் கருகிப்போனது. இசித்ரோ அண்ணன் இரண்டு நாள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

பங்குனி வெயிலில் அடியிலிருந்து ஒரு துளிர் வந்தது.

(பங்குனி இங்கே ஏது என்று கேட்பவர்கள் மார்ச் என்று படித்துக்கொள்ளவும்.)

அண்ணன் முழுப் பன்றி சுட்டு விருந்து வைத்தார். "செத்துப் பிழைச்ச மரம்! புது விளக்குதான் காப்பாத்துச்சு!" என்று ஊரெல்லாம் சொன்னார். ஆனால் துளிர் வந்த இடம் ஒட்டுக்குக் கீழே. அதாவது, வாங்கிய தித்திப்பு மா மேலே செத்துவிட்டது. வேருக்காக மட்டும் நர்சரியில் வைத்திருந்த ஏதோ ஒரு காட்டு மா கீழிருந்து எழுந்து வந்துவிட்டது.

(அடிக்குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்: இத்தனை கருத்தாக வளர்த்தவருக்கு ஒட்டுத் தழும்பு தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். "கருகினதை வெட்டினது நான். தழும்பு என் கையில தட்டுப்பட்டுச்சு. அதுக்கு மேல ஒண்ணும் உசிரோட இல்ல. அவரு பார்க்குறதுக்குள்ள வெயில் படாம இருக்கட்டும்னு சொல்லி அடிமரம் பூரா வெள்ளைப் பெயின்ட் அடிச்சுட்டேன்" என்றாள் மிலா அக்கா. இந்தப் பெண்மணியை நான் கற்பனை செய்திருந்தால் இவ்வளவு சாமர்த்தியம் கொடுத்திருக்க மாட்டேன்.)

3

இந்த இடத்தில் எனக்கு இசித்ரோ அண்ணன்மேல் சந்தேகம் வந்தது. ஆள்மேல் இல்லை, பாத்திரத்தின்மேல். ஆயுசெல்லாம் சமைத்தவர். ஓர் இலையைக் கசக்கி மோந்தாலே இது வேறு ஜாதி என்று தெரிய வேண்டாமா? கதை இங்கே ஓட்டை என்று பேனாவை வைத்துவிட்டேன்.

பிறகுதான் மிலா அக்கா மீதியைச் சொன்னாள். மரம் கருகிய அதே குளிர்காலத்தில் வந்த காய்ச்சல் அவருடைய மோப்பத்தைக் கொண்டுபோய்விட்டது. உப்பு, புளிப்பு, இனிப்பு தெரியும். மணம் தெரியாது. பூண்டு கருகினாலும் தெரியாது. சமைத்துவிட்டு, "மிலா, எப்படி?" என்று கேட்பார். அவள் "பிரமாதம்" என்பாள். எதைச் செய்தாலும் பிரமாதம்தான்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் மனசு கஷ்டமாகிவிட்டது.

4

இந்த வருஷம்தான் முதன்முதலாகக் காய்த்தது. மூன்றே காய்கள். நாளைக்குச் சனிக்கிழமை. எங்கள் பழமரச் சங்கம் பூங்காவில் கூடும். அவரவர் பழத்தை அவரவர் அறுத்து வைத்து, எழுந்து நின்று அதன் மணத்தையும் ருசியையும் சொல்ல வேண்டும். வெர்ஜீலியோ என்று ஒருவர் இருக்கிறார். மூக்கை வைத்தே ரகம் சொல்லிவிடுவார். நாக்கு அதைவிட நீளம்.

"அந்த ஆளு அத்தனை பேரு முன்னாடி மூக்கைப் பொத்திட்டு 'இது வேர்ச்செடிப் பழம்யா'ன்னா, எங்க வீட்டு மனுஷன் அப்புறம் கொல்லைக்கே போகமாட்டாருடி. வீட்ல அவருக்கு வேற என்ன இருக்கு?" என்றாள் மிலா அக்கா.

"அப்ப நீங்களே இன்னைக்குச் சொல்லிடுங்க அக்கா."

"சொன்னா, மரத்தைக் கொன்னது புது விளக்குதான்னு ஆயிடும். விளக்கை மாத்தினது யாருன்னு அடுத்த கேள்வி வருமே!"

(அண்ணன் பேச்சைக் கேட்டு சங்கத்தில் பாதிப் பேர் புது விளக்கு வாங்கிவிட்டார்கள். அந்த வருஷத்துக்கப்புறம் கடும் உறைபனி விழாததால் இதுவரை தப்பித்தோம். வருகிற ஜனவரியில் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும்.)

5

முடிவுகள்:

(அ) மரநாய் மாதிரி ஒரு பிராணி இங்கே வேலி ஏறி வரும். அது மூன்று பழத்தையும் தின்றுவிடுகிறது. ஆனால் அண்ணன் ஒவ்வொரு காய்க்கும் கம்பி வலை மாட்டியிருக்கிறார். பிராணியை அவமானப்படுத்த எனக்கு விருப்பமில்லை.

(ஆ) மிலா அக்காவின் யோசனை: "காயாவே பறிச்சு இறால் விழுதுல தொட்டுத் தின்னுட்டா, பழம்னு ஒண்ணு இருக்காதே!" நல்ல முடிவுதான். ஒரு மாதம் முந்தியே தோன்றியிருக்க வேண்டும்.

(இ) கடையில் மெக்சிகோ மாம்பழம் வாங்கி மாற்றி வைப்பது. தினமும் தடவிப் பார்க்கிறவரின் கையை ஏமாற்ற முடியுமா? வேண்டாம்.

(ஈ) மிலா அக்காவே சொல்லிவிடுகிறாள். இதைத்தான் இன்று சாயங்காலம் எழுதிக்கொண்டிருந்தேன். 'மிலா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, "இதோ பாருங்க, அந்த மரம்—"'

அழைப்பு மணி அடித்தது.

6

வாசலில் இசித்ரோ அண்ணன். கையில் தட்டு. தட்டில் அறுத்த மாம்பழம்.

"மூணுல ஒண்ணை அறுத்துட்டேன் தங்கச்சி. எனக்கு இனிப்பு தெரியுது, நார் தெரியுது. மத்தது தெரியல."

"அக்கா என்ன சொன்னாங்க?"

"பிரமாதம்னா. போன வாரம் வேணும்னே கொழம்புல உப்பே போடாம வச்சேன். அதுக்கும் பிரமாதம்தான்." சிரித்தார். "பாவம், அவளைச் சொல்லிக் குத்தமில்ல. நீ சொல்லு. புளுகுறது உனக்குப் பொழப்பு. எது புளுகுன்னு உனக்குத் தெரியும்ல?"

"அண்ணே, நான்—"

"நாளைக்கு எந்திரிச்சு நின்னு என் பழம் எப்படி மணக்குதுன்னு சொல்லணும். நல்ல வார்த்தையா வேணாம். சரியான வார்த்தையா ஒண்ணு குடு. நான் அதையே சொல்லிடறேன்."

ஒரு துண்டை வாயில் போட்டேன். வார்னிஷ் டப்பாவைத் திறந்தது போல நெடி மூக்கு வரைக்கும் ஏறியது. பல்லிடுக்கெல்லாம் நார். நடுவில், பொய்யில்லாமல் சொல்கிறேன், கொஞ்சம் தித்திப்பு.

வாசகரே, இதற்குமேல் நான் எழுதுவதாக இல்லை. என் வாயில் பழம் இருக்கிறது, எவ்வளவு மென்றாலும் தீர மாட்டேன் என்கிறது. உங்கள் வாயில் ஒன்றுமில்லை. இவ்வளவு நேரம் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு சும்மாதானே உட்கார்ந்திருந்தீர்கள்? ஒரு சொல் கொடுங்கள். நாளை அத்தனை பேர் நடுவில் அந்த மனிதர் அதைத்தான் உரக்கச் சொல்லப் போகிறார்.

கொஞ்சம் சீக்கிரம். தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இப்போது என் முகத்தைப் பார்க்கிறார்.