திரையில் புள்ளி ஓடிய வியாழக்கிழமை

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. மதியம் பீன்ஸும் சோளரொட்டியும் தின்றுகொண்டே டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளூர் சேனலில் செய்தி முடிகிற நேரத்தில் காணாமல்போனவர்களின் முகங்களைக் காட்டுவார்கள். ஆளுக்கு அரை நிமிடம்கூட இராது. அந்த வியாழக்கிழமை ஓர் இளைஞனின் முகம் வந்தது. எனக்கு அவனைத் தெரியாது, தெரிய வாய்ப்பும் இல்லை. நான் கீழே, கேபிள் உள்ள வீட்டில் இருக்கிறவன். அவனை எங்கேயாவது பார்த்திருக்கக்கூடியவர்கள் குன்றுகளின் மேல் இருந்தார்கள். அவர்கள் டிவியில் செவ்வாயிலிருந்து வெறும் புள்ளிதான் ஓடிக்கொண்டிருந்தது.

கோபத்தோடு கதை எழுதக் கூடாது என்பார்கள். அப்படிச் சொல்பவர்கள் ஆற அமர எழுதிக்கொள்ளட்டும்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "நம் எல்லையோரத் திஹுவானா நகரம் நாட்டுக்கே முன்னோடியாக டிஜிட்டல் ஒளிபரப்புக்கு மாறிய அந்தப் பொன்னாளில்—"

சீ. இது மந்திரி பேச்சு.

இரண்டாவது: "ஒரு தாயின் கண்ணீர்—"

இதுவும் வேண்டாம். நீங்கள் உச்சுக் கொட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். அந்த இளைஞனின் அம்மாவுக்குப் பெயர் இருக்கிறது, எர்மிலா; பிறகு தேடிப் போய் அவளிடமே எல்லாம் கேட்டுக்கொண்டேன். வாய் கொஞ்சம் நீளம்.

தண்ணீர் டிரம்மிலிருந்து தொடங்குகிறேன்.

3

எர்மிலாவின் குன்றில் குழாய் கிடையாது. லாரித் தண்ணீரை வாசலில் இரும்பு டிரம்மில் பிடித்து வைப்பார்கள். புழுதி விழாமலிருக்க மூடி வேண்டுமே! ஞாயிற்றுச் சந்தையில் பழைய டிஷ் ஆன்டெனாத் தட்டு மலிவாகக் கிடைக்கும். டிரம்மின் வாய்க்கு அளவெடுத்தது மாதிரி உட்காரும். தெரு முழுக்க அதுதான் மூடி.*

(* கவிழ்த்து மூட வேண்டும். நிமிர்த்தி வைத்தால் புறா வந்து குளிக்கும்.)

அரசாங்கத்திலிருந்து கணக்கெடுக்க ஒருவன் வந்தான். பழைய சிக்னலை நிறுத்தப்போகிறார்கள், ஏழை வீடுகளுக்கு டிஜிட்டல் பெட்டி இலவசம், காசு கட்டி டிஷ் வைத்திருக்கும் வீட்டுக்குக் கிடையாது. இதில் ஒரு வார்த்தையைக்கூட அவன் வாய் திறந்து சொல்லவில்லை. கழுத்தில் அட்டை தொங்குவதைப் பார்த்ததும், திருட்டுச் சாமான் பிடிக்க வந்திருக்கிறான் என்று தெருவே முடிவுகட்டிவிட்டது.

"இந்த டிஷ் உங்களோடதா?"

"பின்ன யாரோடது? காசு குடுத்து வாங்கினதுய்யா," என்றாள் எர்மிலா.

"சொந்தமா?"

"சொந்தந்தான். சந்தேகமா இருந்தா சந்தையில போய்க் கேளு."

பக்கத்து வீட்டு சொகோரோ கூப்பிடாமலே வந்து சேர்ந்தாள். எர்மிலாவின் மகன் ரமிரோவுக்கு ஞானத்தாய் அவள்; அந்த உறவில் எர்மிலாவை 'கொமாத்ரே' என்றுதான் கூப்பிடுவாள். "எங்களுதும் சொந்தந்தான் தம்பி! இந்தத் தெருவுல திருட்டுத் தட்டு ஒண்ணு காட்டு பாப்போம்!"

அந்தப் படுபாவி ஒரு தட்டையாவது தூக்கிப் பார்த்திருக்கலாம். தெரு மொத்தத்தையும் டிஷ் வைத்திருக்கும் வீடுகள் என்று எழுதிக்கொண்டு போனான். மற்றக் குன்றுகளிலும் இதே லட்சணம்தான். ஒரு வீடு பூட்டியிருந்ததாம், இன்னொன்றுக்கு வழி தெரியவில்லையாம்; குன்றுகளுக்குப் பெட்டியே வரவில்லை.

4

ரமிரோவைப் பற்றி எழுதிய பக்கங்களைக் கிழித்துவிட்டேன். அவனைத் தங்கமான பிள்ளையாக்கிக்கொண்டிருந்தேன். தங்கமாக இருந்தால்தான் உங்களுக்கு வலிக்குமா? அவன் டயர் பஞ்சர் ஒட்டுகிறவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போனான், திரும்பவில்லை. அவ்வளவுதான். "எவ பின்னாடியாவது போயிருப்பான், வருவான் போ," என்றான் போலீஸ்காரன். (அவனைப் பற்றி நான் எழுதிய அடுத்த வாக்கியத்தை அச்சில் போட முடியாது.)

தன் குன்றில் எர்மிலா வீடு வீடாக ஏறிக் கேட்டாயிற்று. ஆனால் ஊரில் எத்தனை குன்று! ஒருத்தி எத்தனைதான் ஏறுவாள்? டிவி எல்லாக் குன்றிலும் ஒரே நேரத்தில் ஏறும். அதனால் சேனல் வாசலில் போய் உட்கார்ந்தாள். விரட்டினார்கள், மறுபடி வந்து உட்கார்ந்தாள். கடைசியில் அவன் படத்தைக் காட்ட ஒத்துக்கொண்டார்கள். வியாழக்கிழமை, மதியச் செய்தியில்.

செவ்வாய்க்கிழமை பழைய சிக்னலை நிறுத்தினார்கள்.

வியாழன் மதியம் சொகோரோ டிவியின் மண்டையில் நாலு அடி வைத்தாள்.

"பாரு கொமாத்ரே, ஏதோ அசையுது."

"அது புள்ளி, சொகோரோ."

"மூக்கு மாதிரி தெரியுதே?"

"எம்புள்ள மூக்கு எனக்குத் தெரியாதா? அடிக்காத, விடு."

அந்த நேரத்தில்தான் நான் பளிச்சென்று பார்த்தேன், வாயில் ரொட்டியோடு.

5

மறுநாளே பழைய சிக்னல் திரும்பி வந்தது.

எர்மிலா மாதிரி ஆட்கள் அழுதார்கள் என்றா? நல்ல ஆளய்யா நீங்கள். தேர்தல் நெருங்கிவிட்டது. குன்றுகள் இருட்டில் இருந்தால் வேட்பாளர் முகம் யாருக்குத் தெரியும்? மாற்றவே முடியாது என்ற விதி, தள்ளவே முடியாது என்ற தேதி, எல்லாம் ஒரே ராத்திரியில் முதுகு வளைந்து நின்றன.

எர்மிலா மறுபடி சேனலுக்குப் போனாள்.

"நேத்துதான் போட்டோமேம்மா," என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

"யாருக்குப் போட்டீங்க?"

"வரிசையில நிறைய பேர் இருக்காங்கம்மா. எங்களுக்கும் புரியுது."

"ஓட்டு கேக்குற அந்த வெள்ளச் சட்டைக்காரன் எந்த வரிசையில நின்னான்? பொழுதன்னைக்கும் மூஞ்சியக் காட்டுறானே, அவனும் காணாமப் போயிட்டானா?"

6

முடிவு.

(அ) யாரோ போன் செய்கிறார்கள். ரமிரோ எல்லை ஓரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், நினைவு தப்பி— இல்லை. இப்படிப் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

(ஆ) எர்மிலா டிவியைத் தூக்கித் தெருவில் போட்டு உடைக்கிறாள். இதை எழுதி முடித்ததும் குன்றேறிப் போய் அவளுக்கே படித்துக் காட்டினேன்.

"ஏன்டாப்பா, உடைச்சா நீயா வாங்கித் தருவ?"

"கோபம் தெரியணும்ல?"

"எங்கோவம் எனக்குத் தெரியும். இதை எத்தனை பேரு படிப்பாங்க?"

"கொஞ்சம் பேர்."

"கண்ணு தெரிஞ்சவங்கதானே?"

"ஆமா."

"அப்ப முடிவு கிடக்கட்டும். அவன் எப்படி இருப்பான்னு எழுது. நான் சொல்றேன்."

(இ) ரமிரோ. இருபத்திரண்டு வயது, மாநிறம், ஒல்லி. இடது புருவம் நடுவில் அறுந்திருக்கும். சாம்பல் நிறச் சட்டை. வலது மணிக்கட்டில் சிவப்புக் கயிறு. பேச்சில் முதல் சொல் திக்கும், கோபம் வந்தால் திக்காது. எர்மிலா மூன்று முறை திருத்தச் சொன்னாள், திருத்திவிட்டேன்.

இதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை. அவனை எங்கே பார்த்தீர்கள் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.