பின் சீட்டு

"காரு நல்லாத்தானே எந்திரிக்குது கணேசு! இதுல இன்னும் என்னாத்தப் பாக்கச் சொல்றீங்க?" என்று மெக்கானிக் ராசிக் நானா மறுபடியும் அதையேதான் சொன்னார்.

கணேசமூர்த்திக்கு எரிச்சல் தலைக்கேறியது. மஸ்கெலியாவிலிருந்து அட்டனுக்கு இந்தக் கராஜைத் தேடி எத்தனை தடவைதான் வருவது? கார் எழுந்து நிற்பது அவனுக்குத் தெரியாதா? சாவியைத் திருகினால் போதும். படுத்திருக்கும் பசு எழுவதுபோல் முதலில் பின்பக்கம் உயரும், அப்புறம் முன்பக்கம். நாலு பேர் ஏறினாலும், பின்னால் மூட்டை ஏற்றினாலும், கொஞ்ச நேரத்தில் தானே சரிசெய்துகொண்டு மட்டமாக நிற்கும். ஆனால் ஓடும்போது கட்டை வண்டி என்றுதான் வீட்டில் புலம்பல்.

அது பிரெஞ்சு நாட்டுக் கார். சீமைக்குத் திரும்பிய தோட்டத்துத் துரை ஒருவரிடமிருந்து வாங்கியது. வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவனுக்கு அப்படியொரு வண்டி தேவையே இல்லை. பூரணிக்காகத்தான் வாங்கினான். அவன் மனைவி பூரணி மழைநாளில் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு மலைச்சரிவில் சறுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டவள். கண்டி ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போய்வர வேண்டும். பழைய வண்டியின் பின் சீட்டில் படுத்துப் போனபோது ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தாள். இந்தக் காரில் துரை அவனை ஏற்றித் தோட்டத்து ரோட்டில் ஒரு சுற்றுப் போனார். தண்ணீரில் மிதந்த மாதிரி இருந்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டான்.

தொடக்கத்தில் சில பயணங்கள் நன்றாகவே இருந்தன. அப்புறம் பூரணி முனக ஆரம்பித்தாள்.

ராசிக் நானா டயரில் காற்றைக் குறைத்துப் பார்த்தார். எண்ணெயை மாற்றினார். காரின் உயரத்தைப் பார்த்துக்கொள்ளும் கம்பியில் சேறு அப்பியிருந்ததென்று கழுவி, கிரீஸ் போட்டு மாட்டினார். ஸ்பிரிங் இருந்தால் ஸ்பிரிங்கை மாற்றலாம். இந்த வண்டிக்கு ஸ்பிரிங்கே கிடையாது. ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் கணேசமூர்த்தி நம்பிக்கையோடு வண்டியை எடுத்தான். ஒவ்வொரு தடவையும் பின்னாலிருந்து அதே முனகல் கேட்டது.

ஒரு நாள் கண்டியிலிருந்து திரும்பி, நோர்வூட் தாண்டி வரும்போது பூரணி "ஐயோ" என்று கத்திவிட்டாள். அவன் வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

"நானும் என்னாதான் புள்ள செய்யிறது? ரோட்டுல பள்ளம் இருந்தா குலுங்கத்தான் செய்யும். எனக்கு அப்படியொண்ணும் பெரிசாத் தெரியலையே! ஒனக்கு இடுப்பு வலி, அதான் எல்லாம் இடியா இடிக்குது."

பூரணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க முன்னாடில்ல ஒக்காந்திருக்கீங்க. ஒரு நாளாச்சும் பின்னாடி ஒக்காந்து பாத்தீங்களா?"

அவனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கோபம் இறங்கவில்லை. கியரைப் போட்டு வண்டியைக் கிளப்பினான்.

மறுநாள் கராஜுக்குப் போனதும் சாவியை ராசிக் நானாவின் கையில் திணித்தான். "நீங்க ஓட்டுங்க நானா. நான் பின்னாடி படுத்துக்கிறேன்."

"என்னா கணேசு, பைத்தியமா ஒங்களுக்கு?"

"ஓட்டுங்க நானா!"

ஸ்டேஷன் ரோட்டைத் தாண்டி முதல் பள்ளத்தில் இறங்கியதுமே அவன் முதுகில் யாரோ உலக்கையால் குத்தியது போலிருந்தது. அடுத்த பள்ளத்தில் தலை கதவில் மோதியது. மூன்றாவது பள்ளத்தில் அவனே "நிப்பாட்டுங்க!" என்று கத்தினான். முன்னால் இருந்த ராசிக் நானா திரும்பிப் பார்த்தார். அவருக்கு அத்தனை குலுக்கல் தெரிந்திருக்கவில்லை.

இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, இருவரும் இறங்கினார்கள். ராசிக் நானா முன்பக்கத்தைக் கையால் அமுக்கினார். பஞ்சுபோல் இறங்கி ஏறியது. பின்பக்கத்தை அமுக்கினார். அசையவில்லை. கணேசமூர்த்தியும் சேர்ந்து முழுப் பாரத்தையும் போட்டு அமுக்கினான். பாறை.

"அட, அல்லாஹ்வே!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார் ராசிக் நானா. "ஒசரத்தையே பாத்துக்கிட்டு இருந்துட்டோம் கணேசு. தூக்கி நிறுத்துறது எண்ணெய். மெத்துனு வச்சிருக்கிறது பின்னாடி இருக்கிற இரும்புக் குண்டுக்குள்ள அடைச்ச காத்து. எண்ணெய் இருக்கு, அதான் எந்திரிக்குது. காத்துப் போயிருச்சி. வெறும் எண்ணெய அமுக்கினா அமுங்குமா?"

"இத மொதல்லயே அமுக்கிப் பாத்திருக்கலாமில்ல?" கணேசமூர்த்தி பின் சக்கரத்தை உதைத்தான். "அவ எத்தன தடவ சொன்னா!"

"எங்கிட்ட நீங்க 'காரு குலுங்குது'ன்னுதானே சொன்னீங்க. பின்னாடின்னு சொல்லலையே."

எங்கே குலுங்குகிறதென்று அவளிடம் அவன் கேட்டிருந்தால்தானே.

பின் சக்கரங்களுக்கான குண்டுகள் இரண்டையும் கழற்றிக் கொழும்புக்கு அனுப்பினார்கள். புதுச் சாமான் இறக்குமதிக்கு அனுமதி கிடைக்காத காலம். ஒரு குண்டில் காற்று ஏறி நின்றது. மற்றதில் எண்ணெயையும் காற்றையும் பிரிக்கும் ரப்பர் கிழிந்துபோயிருந்தது. ஒட்டுப் போடவும் முடியாது என்று சொல்லி அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"இதாவது கெடச்சிச்சே," என்றார் ராசிக் நானா, இரண்டையும் மாட்டிக்கொண்டே. கணேசமூர்த்திக்கு இவ்வளவு அலைந்தும் பாதிதானா என்று மனம் குமுறியது.

அடுத்த முறை கண்டிக்குக் கிளம்பும்போது, எந்தப் பக்கம் நல்ல குண்டு என்பதைப் பூரணியிடம் சொன்னான். அவள் இடுப்பு அந்தப் பக்கம் வரும்படி மாறிப் படுத்துக்கொண்டாள். கினிகத்தேன வளைவுகளில் வண்டி ஒரு பக்கம் மெத்தென்றும் மறுபக்கம் 'டொக்' என்றும் போயிற்று.

"எப்பிடி புள்ள இருக்கு?"

"இடுப்புக்குப் பரவால்லங்க. தலப் பக்கந்தான் இன்னும் இடிக்குது."

அவன் வண்டியின் வேகத்தைத் தணித்தான். தோளில் கிடந்த சால்வையை எடுத்துப் பின்னால் நீட்டினான். அவள் அதை மடித்துத் தலைக்குக் கீழே வைத்துக்கொள்ளும்வரை காத்திருந்துவிட்டு, கியரைக் குறைத்து மெதுவாக இறக்கத்தில் இறங்கினான்.