ஒண்ணுமில்லை என்றால் ஐந்து பவுண்டு

ஹெக்டர் ப்ளாக்ஷாவைப் பொறுத்தவரை மனிதர்களில் இரண்டே வகை. தூண்டில் கம்பு தேர்ந்தெடுக்கத் தெரியாதவர்கள் ஒரு வகை. தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இன்னொரு வகை. இரண்டிலும் சேராத ஆள் ஒரே ஒருவர் உண்டு. அவர் தினமும் காலையில் சவரக் கண்ணாடியில் தென்படுவார்.

வியாழக்கிழமை மதியம் கிரிம்ஷாவின் தூண்டில் கடையில் இந்த இரண்டு வகையும் கலந்து நின்றுகொண்டிருந்தது. ஒருவன் கம்பைக் கையில் எடுத்து, கண்ணை மூடி, ஏதோ வயலின் வாசிக்கப் போகிறவன் மாதிரி மெல்ல ஆட்டிப் பார்த்தான். நுனி கூரை அட்டையில் உரசிக் கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது. ஷெஃபீல்டில் கம்பு வாங்குகிறவன் எல்லாம் இப்படித்தான் ஆட்டுவான். ஆட்டி என்ன தெரிகிறது என்று கேட்டால் ஒருவனுக்கும் சொல்லத் தெரியாது. ஆட்டாமல் வாங்கினால் மட்டும் அவமானம்.

"மீன் பிடிக்கப் போறியா, ஒட்டடை அடிக்கப் போறியா?" என்றார் ஹெக்டர்.

அவன் கம்பை வைத்துவிட்டுப் போனான். கிரிம்ஷா பெருமூச்சு விட்டார். ஹெக்டர் கடைக்கு வரும் நாளில் வியாபாரம் பாதிதான்.

ஹெக்டரின் எரிச்சலுக்கு அன்றைக்குக் காரணம் இருந்தது. கில்போர்ன் தெரு உழைப்பாளர் கிளப்பின் தூண்டில் அணியில் ஆறு பேர். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஆறில் ஹெக்டர் ஒருவர். இந்த வருஷம் ஐந்து பெயரை எழுதி ஒட்டிய செயலாளர் சிரில் டிங்லி, ஆறாவது இடத்தில் பெயர் எழுதாமல் ஒரு கோடு போட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை டிரென்ட் ஆற்றில் நடக்கும் போட்டியில் ஹெக்டர், ஆலிவ் ராம்ஸ்டன் இருவரில் யார் பிடிக்கும் மீன் எடை அதிகமோ அவருக்கு அந்தக் கோடு. அடுத்த மாசம் பன்னிரண்டு கிளப் மோதும் இறுதிப் போட்டிக்கு அவரே போவார்.

ஆலிவ் ராம்ஸ்டன்! ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் வேலை பார்க்கும் அம்மாள். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் கிளப்பின் பிங்கோ சுற்றுலாவுக்குக் கிளம்பி, தவறுதலாகத் தூண்டில்காரர்களின் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவள். இறங்கச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. அன்றிலிருந்து இறங்கவே இல்லை.

அந்த ஆலிவ்தான் இப்போது கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"மிஸ்டர் கிரிம்ஷா, ஞாயித்துக்கிழமைக்கு ஒரு கம்பு வேணும். என் பழசு அடியில விரிஞ்சு போச்சு. எது எடுக்கலாம்?"

கிரிம்ஷா வாயைத் திறப்பதற்குள் ஹெக்டர் புகுந்தார்.

"இது ஒரு கேள்வியாம்மா? பதிமூணு அடி. நுனி மெல்லிசு, இடுப்புக்குக் கீழ விறைப்பு. பதினோரு அடி எடுத்தா தூண்டில் நரம்பு தண்ணியில படுத்துக்கும், ஓட்டம் தக்கையை இழுத்துட்டுப் போயிடும். பதினஞ்சு எடுத்தா மத்தியானத்துக்குள்ள கை செத்துடும். கையில பிடிச்சா கனமே தெரியக் கூடாது. தெரிஞ்சா வச்சுடு. பெரிய மீனுக்குன்னு சொல்லி உலக்கையை உன் தலையில கட்டுவானுங்க. அங்க இருக்கறது ரோச்சு. கால் பவுண்டு மீனு. அதுக்கு உதடு பட்டுத்துணி மாதிரி. விறைச்ச நுனியால இழுத்தா கிழிஞ்சு வந்துடும். இதெல்லாம் தெரியாம ஆத்தங்கரைக்கு ஏன்தான் வர்றீங்களோ!"

இத்தனையும் திட்டுவதற்காகத்தான் சொன்னார். ஆனால் ஒரு சொல் பிசகில்லை. ஹெக்டரின் துரதிர்ஷ்டம் அது. அவருடைய ஏளனத்தில் கலப்படமே கிடையாது.

"ரொம்ப நன்றி மிஸ்டர் ப்ளாக்ஷா" என்று ஆலிவ் பதிமூன்று அடியில் ஒன்றை எடுத்தாள். ஆட்டிக்கூடப் பார்க்கவில்லை. கனம் தெரியவில்லை, போதும் என்று போய்விட்டாள்.

அவள் போனதும் ஹெக்டர் மூலையில் சாய்ந்திருந்த பதினைந்து அடிக் கார்பன் கம்பைச் சுட்டிக் காட்டினார். அந்த வருஷம்தான் கார்பன் புதிதாக வந்திருந்தது.

"இப்பதானே கை செத்துடும்னீங்க?" என்றார் கிரிம்ஷா.

"அது அந்தம்மாவோட கை."

அந்தக் கம்பைக் கடைக்குள் பொருத்த இடம் இல்லை. தெருவில் வைத்துப் பொருத்தி, நடைபாதையில் நின்று ஆட்டினார். ஆம், ஆட்டினார். கண்ணையும் மூடிக்கொண்டார். பால் வண்டிக்காரன் ஒருவன் நிறுத்தி, "சார், மேல கரண்ட் கம்பியில படாம" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஞாயிறு காலை சிரில் துணிப்பையை நீட்டினான். கரை நெடுக எண் போட்ட முளைகள் அடித்திருந்தார்கள். பையில் எந்தச் சீட்டு வருகிறதோ அந்த முளையில்தான் உட்கார வேண்டும். ஹெக்டருக்குப் பதினேழு. ஆலிவுக்குப் பதினெட்டு. அடுத்த முளை, ஓட்டத்தின் கீழ்ப்பக்கம்.

பத்து மணிக்கு விசில் ஊதியதும் ஹெக்டர் புத்திசாலியாகத்தான் ஆரம்பித்தார். பழைய பதிமூன்று அடிக் கம்பு. குச்சி போலச் சின்னத் தக்கை. கரையோரமாக ஓட்டத்தோடு தக்கையை விட்டு, அது அவசரப்படும்போதெல்லாம் நரம்பைக் கொஞ்சம் பிடித்து, இரை முன்னால் போகத் தக்கை பின்னால் வரும்படி நிதானமாக ஓட்டினார். ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு சிட்டிகை ஈப்புழுவைத் தண்ணீரில் தூவினார். பதினொன்றுக்குள் ரோச் கூட்டம் வந்து அவர் முன்னால் குடியேறிவிட்டது. தக்கை முங்கும், மணிக்கட்டு லேசாகத் திரும்பும், வெள்ளியாக ஒன்று வரும், வலைப்பைக்குள் போகும். இந்த மீனை யாரும் தின்பதில்லை. எடை போட்டதும் ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள். டிரவுட்டும் சால்மனும் பிரபுக்களின் மீன். மிச்சத்துக்கெல்லாம் அந்தப் பிரபுக்கள் வைத்த பெயர் முரட்டு மீன். அதைப் பிடிப்பவர்களுக்கும் அதே பெயர்தான் மனசுக்குள் வைத்திருப்பார்கள்.

ஒரு மணிக்கு ஹெக்டரின் வலையில் ஆறு பவுண்டு இருந்தது. இன்னும் இரண்டு மணி நேரம். இப்படியே உட்கார்ந்திருந்தால் போதும்.

ஆனால் சிறுநீர் கழிக்கப் போய்த் திரும்பும் வழியில் ஆலிவின் பின்னால் நின்றார். அங்கேதான் கெட்டது.

கரையில் ஒரு பாஷை உண்டு. 'எப்படிப் போகுது?' என்று யாரும் கேட்கலாம். வலையைத் தூக்கிக் காட்ட மட்டும் விதியில் இடமில்லை, எடைக்காரன் வரும்வரை அது தண்ணீரில்தான் கிடக்க வேண்டும். ஆகவே பதிலைக் கேட்டு மொழிபெயர்த்துக்கொள்ள வேண்டும். 'ஒண்ணுமில்ல' என்றால் ஐந்து பவுண்டு. 'ஏதோ பொடிசு' என்றால் எட்டு. 'ரொம்ப மோசம், வீட்டுக்குப் போயிடலாமான்னு பாக்கறேன்' என்று ஒருவன் சொன்னால் கோப்பை அவனுக்குத்தான். 'நல்லா வருதுப்பா' என்று யாராவது சொன்னால் வலை காலி, ஆளுக்கும் புத்தி கலங்கிவிட்டது, பெண்டாட்டிக்குத் தகவல் சொல்ல வேண்டியதுதான்.

"எப்படிம்மா போகுது?" என்றார் ஹெக்டர்.

"மூணு கட்ஜன். விரல் நீளம்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். காலைலேர்ந்து மூணே மூணு. எனக்கு அழுகையா வருது மிஸ்டர் ப்ளாக்ஷா. வீட்டுக்கே போயிடலாம்னு தோணுது."

சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மூணு கட்ஜன்! கட்ஜன் என்றால் இருப்பதிலேயே கேவலமான பொடி மீன். அதில் மூணு என்று கணக்கு வேறு. அழுகை வேறு. வீடு வேறு. இருபத்திரண்டு வருஷத்தில் இவ்வளவு துணிச்சலான பொய்யை அவர் கேட்டதில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் பன்னிரண்டு பவுண்டுக்குக் குறையாது. முகத்தைத் திருப்பியது சிரிப்பை மறைக்கத்தான்.

"நடிகை" என்று முணுமுணுத்தபடி தன் முளைக்கு வந்தார். சலவைக்காரியாம். பிங்கோவாம்.

ஆறு பவுண்டு இனி எந்த மூலைக்கு? பெரிய மீன் வேண்டும். எதிர்க்கரை வில்லோ மரத்தடியில் சப் என்கிற தடியன் மீன்கள் கிடக்கும். ஒன்று மூன்று பவுண்டு வரும். நான்கு பிடித்தால் தப்பிக்கலாம். பழைய கம்பைக் கீழே போட்டார். பதினைந்து அடியை உறையிலிருந்து உருவினார். பெரிய தக்கை, நிறைய ஈயம். கரையோரத்தில் புழு தூவுவதை நிறுத்தினார். யாருக்குத் தூவ? அந்தப் பொடிசுகளுக்கா?

முதல் வீச்சு வில்லோ கிளையில் மாட்டியது. இரண்டாவதும் அதே கிளை. அவ்வளவு தூரத்தில் போகும் தக்கைக்காகக் கம்பை உயர்த்தியே பிடித்திருக்க வேண்டும். ஒன்றேமுக்காலுக்குத் தோள் எரிந்தது. இரண்டு மணிக்கு விரல்கள் சொன்ன பேச்சு கேட்கவில்லை. இரண்டு பத்துக்கு ஒரு சப் கடித்தது. நல்ல கனம். ஹெக்டர் இழுத்தார், மீன் வேருக்குள் புகுந்தது, நரம்பு டொக்கென்று அறுந்தது. பக்கத்து முளையிலிருந்து சளக் சளக் என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. அடுத்தவர் தண்ணீரைப் பார்ப்பது மரியாதையில்லை. அவர் திரும்பவில்லை. பன்னிரண்டு பவுண்டு பதினைந்தாகிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டார்.

மூன்று மணிக்கு விசில். சிரில் தராசோடு வந்தான்.

"என்ன ஹெக்டர், என்ன இருக்கு?"

"ஏதோ பொடிசு."

"ஆறு பவுண்டு, ரெண்டு அவுன்ஸ்" என்று சிரில் சீட்டில் எழுதினான். நாலைந்து பேர் பின்னாலேயே பதினெட்டுக்குப் போனார்கள். ஹெக்டரும் போனார், தூக்கு மேடையைப் பார்க்கிறவர் போல.

ஆலிவின் மீன்கள் தராசுத் தொட்டியில் கொட்டின. எல்லாம் ரோச். அடியில் மூன்று கட்ஜன், விரல் நீளம்.

"ஆறு பவுண்டு, ஒன்பது அவுன்ஸ்."

"இவ்ளோதானா?" என்று ஹெக்டர் கத்தியேவிட்டார்.

"இதுவே ஒரு மணிக்கு அப்புறம் வந்ததுதான். உங்ககிட்ட மூணுன்னு சொன்னேன்ல? நீங்க போய்க் கொஞ்ச நேரத்துல எங்கிருந்தோ ஒரு கூட்டம் வந்து நின்னுச்சு. போட்டா மீனு, போட்டா மீனு."

அப்போது தொட்டியிலிருந்த ரோச் ஒன்று வாயைத் திறந்து இரண்டு சிவப்புப் புழுவைக் கக்கியது. இன்னொன்று நாலைக் கக்கியது.

"என்கிட்ட சிவப்புப் புழுவே இல்லையே, வெள்ளைதானே வாங்கினேன்" என்றாள் ஆலிவ், நிஜமான ஆச்சரியத்தோடு.

கிளப்பில் புழுவுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுகிற ஆள் ஒருவர்தான். எல்லோரும் ஹெக்டரைப் பார்த்தார்கள். சாப்பாடு நின்றுபோன கூட்டம் ஓட்டத்தோடு ஒரு முளை கீழே இறங்கியிருக்கிறது. மூன்று மணி நேரம் ஊட்டி வளர்த்து, பக்கத்து முளைக்கு அனுப்பி வைத்திருக்கிறார். யாரோ முதலில் இருமினார்கள். அப்புறம் கரையே சிரித்தது.

"அப்போ" என்றார் ஹெக்டர் மெதுவாக, "மூணுன்னு சொன்னது மூணா?"

"பின்ன? கேட்டீங்க, சொன்னேன்."

ஹெக்டர் மனசுக்குள் உலகத்தில் உள்ள அத்தனை முட்டாள்களையும் வரிசையில் நிற்க வைத்துப் பார்த்தார். எல்லோருக்கும் முன்னால் ஒரு தெரிந்த முகம், சவரம் செய்த முகம், பதினைந்து அடிக் கம்போடு நின்றது.

சாமான்களைக் கட்டும்போது சிரில் வந்து பக்கத்தில் குந்தினான்.

"அந்தக் கோட்டுல பேரு ஆலிவோடதுதான். எனக்கு வேற வழியில்ல."

"நான் கேட்டேனா?"

"ஃபைனலுக்குக் கரையில ஓட ஒரு ஆள் வேணும்யா. எதிரி முளைங்கள்ல என்ன இருக்குன்னு விசாரிச்சு நம்மாளுங்ககிட்டச் சொல்லணும். பன்னெண்டு கிளப்பு, எழுவத்திரெண்டு பேரு. ஒருத்தன் வாய்லயும் உண்மை வராது. அந்தப் பாஷை உன்னளவுக்கு யாருக்குத் தெரியும்?"

"இன்னிக்கு நான் மொழிபெயர்த்த லட்சணத்தைப் பாத்தீல்ல?"

"எழுவத்திரெண்டுல பொய் சொல்லத் தெரியாத ஆளு ஒண்ணே ஒண்ணு. அது நம்ம பக்கம் இருக்கு. மிச்சம் எழுவத்தொண்ணுக்கு நீ சரியாத்தான் இருப்பே."

கம்பு போய், கரையில் நாய் மாதிரி ஓடுகிற வேலை. ஹெக்டர் ஆற்றைப் பார்த்துத் துப்பினார். பதினைந்து அடியை உறைக்குள் தள்ளினார். ஆலிவ் மேட்டின் மேல் நின்று தன் பெட்டி வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. பயந்த மாதிரி இருந்தாள்.

"ஏம்மா" என்றார் ஹெக்டர். "ஃபைனல்ல அரை மணிக்கொரு தடவை நான் வந்து என்ன இருக்குன்னு கேப்பேன்."

"சரி மிஸ்டர் ப்ளாக்ஷா. நான் என்ன சொல்லணும்? எல்லாரும் சொல்ற மாதிரி பொடிசுன்னு சொல்லணுமா?"

ஹெக்டரின் வாயில் நல்ல வசவு ஒன்று தயாராக வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு, பதினைந்து அடியைத் தோளில் ஏற்றினார்.

"உள்ளதையே சொல்லித் தொலை" என்றார். "நம்பிப் பழகிக்கறேன்."