நூற்றொன்று, அஞ்சு போக

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தங்கை கேட்டாள், எழுதினேன். கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறாள். படிப்பு முடியுமுன்பே விமானப்படையில் விமானி வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்று ஒரு நாள் வந்து நின்றாள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர்.

"அண்ணா, சும்மா எதையாவது கிறுக்கிட்டே இருக்கியே, என்னை வெச்சு ஒரு கதை எழுதேன். நான் பெரிய ஆளானதும் நல்ல விலைக்குப் போகும்."

நான் தரைக்கு டைல்ஸ் ஒட்டுபவன். முப்பத்திரண்டு வயதில்தான் எழுத்துக் கூட்டக் கற்றேன். டைல்ஸ் பெட்டிக்குள் வரும் அட்டைகளின் பின்பக்கத்தில் எழுதுவேன். முட்டி போட்டே தேய்ந்த உடம்பு. பாதி வாக்கியத்திலேயே முதுகு போதும் என்றுவிடும். இதில் முடியாத வாக்கியங்கள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் அட்டையில் எழுதிய தொடக்கம்:

[அவள் ஏறிப் போன விமானம் திரும்பி வரவில்லை. ஓடுபாதை வேலியோரம் அவள் அண்ணன் நின்றுகொண்டிருந்தான்.]

படிப்பவரை எடுத்ததும் பிடித்து உட்கார வைத்துவிட வேண்டும் என்ற ஆசையில் எழுதியது. திரும்பப் படித்தபோது வாய் கசந்தது. குறுக்கே கோடு போட்டு அடித்தேன். அட்டையைத் தூக்கிப் போடவில்லை. நல்ல அட்டை.

2

இரண்டாவது தொடக்கம்:

[காலையில் ஓடிப் பழகும்போது, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி மூன்றாவது விளக்குக் கம்பத்தருகே அவள் வலது கணுக்கால் பிசகியது. அவள் அழவில்லை, ஏனென்றால்]

ஏனென்றால் என்ன என்று எனக்கே தெரியவில்லை. இதையும் அடித்தேன். மறுநாள் காலை வாலு நொண்டிக்கொண்டே வீட்டுக்குள் வந்தாள்.

"எங்கடி விழுந்த?" என்றாள் என் மனைவி.

"விழல அண்ணி. தண்ணித் தொட்டி தாண்டி மூணாவது கம்பத்துக்கிட்ட கால் மடங்கிடுச்சு."

"வானத்துல பறக்கப் போறாளாம். தரையில ஒழுங்கா நடக்க வரல."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

(ஓடுகிறவர்களுக்குக் கால் பிசகுவது சகஜம் என்பீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் மூன்றாவது கம்பம்?)

3

கால் இரண்டு வாரத்தில் சரியானது. வாலு என் சிமென்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவாள். முழங்கால்களுக்கு நடுவே துடைப்பக் கட்டை. எதிர்ச் சுவரில் சாக்பீஸால் நான்கு வட்டம், வட்டத்துக்கு ஒரு முள். கண்ணை மூடிக்கொண்டு உயரம், வேகம், திசை என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே கட்டையைச் சாய்ப்பாள். கொஞ்ச நேரம் பார்த்தால் வாளி சாய்வது போலவே இருக்கும்.

விண்ணப்பத்தில் காலின் நீளம் கேட்டிருந்தார்கள். சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்து காலை நீட்ட வேண்டும். சுவரிலிருந்து குதிகால் வரை தொண்ணூற்றொன்பது சென்டிமீட்டராவது வேண்டும். குறைந்தால் விமானத்துக்குள் மிதிக்கட்டை எட்டாதாம்.

"நீதான் பெரிய அளவுக்காரனாச்சே, அளந்து சொல்லு" என்றாள்.

அளந்தேன். குதிகால் பட்ட இடத்தில் தரையில் பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன். நூற்றொன்று. அவள் விண்ணப்பத்தில் எழுதினாள். நான் அட்டையில் எழுதினேன்: அவளுக்குக் கால் நீளம் நூற்றொன்று.

இங்கே என் டேப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதன் நுனி எப்போதோ உடைந்து போனது. அதற்காக யாரும் டேப்பைத் தூக்கி எறிவதில்லை. ஐந்தாவது சென்டிமீட்டரிலிருந்து அளப்போம். நான் அளவைச் சொன்னதும், மிஷினில் வெட்டுகிறவர் "அஞ்சு போக!" என்று கத்திவிட்டு ஐந்தைக் கழித்து வெட்டுவார். பதினைந்து வருடமாகக் கழிக்கிற வேலை அவருடையது. வீட்டில் அப்படிக் கத்த ஆள் இல்லை.

விண்ணப்பம் போய் நான்காம் நாள், வேலையில் அவர் வழக்கம் போல "அஞ்சு போக!" என்றார். என் கையிலிருந்த டைல் விழுந்து உடைந்தது.

"என்ன ஆச்சுண்ணே, மூஞ்சி வெளுத்துப் போச்சு?"

தொண்ணூற்றாறு. என் தங்கையின் கால் தொண்ணூற்றாறு.

(இந்த அண்ணன் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. வாழ்நாளெல்லாம் அளந்தவன் தங்கையின் காலைத் தப்பாக அளப்பானா? நம்பும்படி இல்லை, வேறு ஆளைப் போடலாம் என்று நினைத்தேன். வேறு ஆள் இல்லை.)

4

அவளிடம் சொல்லிவிடலாம் என்றுதான் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே மனைவியின் குரல் கேட்டது.

"புது பேன்ட் இப்படியா சுருங்கும்? கணுக்காலுக்கு மேல நிக்குது பாரு."

"நான் தொவைக்கவே இல்லயே அண்ணி."

"வாலு, உட்காரு" என்றேன். சுவரில் முதுகை ஒட்டிக் காலை நீட்டினாள். வழியில் ஹார்டுவேர் கடையில் வாங்கிய புது டேப்பை வைத்தேன். நூற்றொன்று.

தரையில் என் பென்சில் கோடு அப்படியே இருந்தது. அவள் குதிகால் அதைத் தாண்டிப் போயிருந்தது. இடைவெளியை அளந்தேன். ஐந்து.

"இருபத்தோரு வயசுல வளர்றேனா?" என்று சிரித்தாள். பிறகு அந்தக் கோட்டைப் பார்த்தாள். காலை மெதுவாகத் தன் பக்கம் இழுத்து, வேறு யாருடையதையோ தொடுவது போல, முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள்.

5

எல்லா அட்டைகளையும் எடுத்து அவள் முன்னால் வைத்தேன். முதல் அட்டையைக் கையில் எடுத்தாள்.

"இத ஏண்ணா எழுதின?"

"படிக்கிறவங்க உட்காரணும்னு."

"அதுக்கு என்னைத்தான் அனுப்பணுமா?"

"அடிச்சிட்டேனே."

"கணுக்காலையும்தான் அடிச்ச."

முடிவுகளை யோசித்தோம்.

முதல் முடிவு: தொண்ணூற்றாறு என்று எழுதிவிடுவது. கால் பழையபடி ஆகும், டாக்டர் திருப்பி அனுப்புவார், விமானமே கிடையாது. பேனாவை எடுத்தேன். வாலு என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எழுதினேன்னு வை, ஜென்மத்துக்கும் உன்கூடப் பேச மாட்டேன். விடியக்காலைல யாரு ஓடினது, நீயா?"

இரண்டாவது முடிவை அவளே சொன்னாள். "திரும்பி வந்துச்சுன்னு எழுது. ஒரு வரி தானே?"

எழுதத் தொடங்கினேன்.

[விமானம் திரும்பி வந்தது. அதற்குள்]

கை நின்றுவிட்டது. அதற்குள் என்ன? அவள் என்று எழுதினால் எப்படிப்பட்ட அவள்? சிரிப்போடு என்று சொல்ல மறந்தால்? எங்களை அடையாளம் தெரிகிறவளாக என்று சொல்ல மறந்தால்? நான் எழுதியது எழுதியபடியே வருகிறது. எழுதாமல் விட்டது எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது. ஐந்தை மறந்தவன் நான்.

6

இதை ஓடுபாதை வேலிக்கு வெளியே, ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் டாக்டர் வாலுவை அளந்தார். நூற்றொன்று. தேறியவர்களைப் பயிற்சி விமானத்தில் ஒருவர் பின் ஒருவராக ஒரு சுற்று கூட்டிக்கொண்டு போகிறார்கள்.

"பின் சீட்டுதான், ஓட்டுறவரு வேற. பயப்படாம உட்காரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். வேலிக்குள்ளிருந்து ஒருமுறை திரும்பிக் கையை ஆட்டினாள். பேன்ட் கணுக்காலுக்கு மேலே நின்றது.

மூன்று மணிக்கு இறங்க வேண்டும். இப்போது மூன்றே கால். வானத்தில் சத்தம் இல்லை.

முதல் அட்டையில் அண்ணன் நின்றுகொண்டிருக்கிறான். அதனால்தான் நான் உட்கார்ந்தே இருக்கிறேன். தண்ணீர் குடிக்கக்கூட எழவில்லை.

கடைசி அட்டை மடியில் இருக்கிறது, "அதற்குள்" என்பதோடு. என் கையை நான் நம்பவில்லை. எங்கள் வேலையில் அளப்பவன் ஒருவன், விட்டுப்போனதைக் கத்துகிறவர் இன்னொருவர். நான் அளந்துவிட்டேன். நீங்கள்தான் கத்த வேண்டும். நான் மறந்ததையெல்லாம் சேர்த்து, அவளை முழுசாக எழுதுங்கள். அவள் சிரிப்பு, அவள் வாய்த்துடுக்கு, அண்ணா என்று கூப்பிடுகிற குரல் எல்லாமே வேண்டும். ஒன்றும் விட்டுவிடாதீர்கள்.

சீக்கிரம் எழுதுங்கள். காவலாளி வந்து எதிரில் நிற்கிறார்.

"கொஞ்சம் எழுந்திரிங்கண்ணே. பெஞ்சை உள்ள எடுத்துப் போடணும்."