சென்ற மாதத்து மஞ்சள்

மருந்துப் புட்டி எங்கே கண்ணில் பட்டாலும் மைக்காரர் சட்டைப்பையிலிருந்து ஊதா விளக்கை எடுத்து அதன்மேல் அடித்துப் பார்த்துவிடுவார். விருந்துக்குப் போன வீடானாலும் சரி, பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் பையானாலும் சரி.

"கட்டிக்கிறதுக்கு முன்னாடி என்னையும் ஒரு தடவை அடிச்சுப் பாத்திருக்கலாம்" என்பாள் மனைவி.

மருந்துத் தொழிற்சாலையின் லேபிள் அச்சகத்தில் மை கலப்பது அவர் வேலை. இலைகளை வேகவைத்து, வடிகட்டி, வற்றவைத்து அவர் எடுக்கும் சாறு லேபிளில் இருப்பது வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஊதா ஒளி பட்டால் மட்டும் சுடர்விடும். போலி மருந்துக்காரர்கள் அந்த மையைப் பார்த்துச் செய்துவிடாதிருக்க, மாதந்தோறும் இலையை மாற்றுவார். இலை மாறினால் நிறமும் மாறும். மாத முடிவில் மிஞ்சிய மை சாக்கடைக்குப் போக வேண்டியது.

அதைத்தான் அவர் தம்பிக்குக் கொடுத்துவந்தார். சிறிய அச்சகம் வைத்திருந்த தம்பி, குழந்தைகளுக்கு ரகசிய எழுத்து அட்டை போடப் போவதாகச் சொல்லிக் கேட்டிருந்தான். முதல் அட்டையில், 'வாலுவுக்குச் சித்தப்பாவின் முத்தம்' என்று ஒளியெழுத்தில் அச்சிட்டு அண்ணன் மகளிடமே கொடுத்தான். கழிவுதானே என்று அண்ணனும் இருந்துவிட்டார்.

அந்த 'வாலு'வுக்கு வலிப்பு நோய் உண்டு. மாத்திரை தவறாதவரை துள்ளித் திரிவாள். ஒருநாள் அவள் வகுப்பறையில் விழுந்துவிட்டதாகப் பள்ளியிலிருந்து தகவல் வந்தது. மாத்திரை விட்டுப்போனதா என்று மருத்துவர் கேட்டார். ஒரு வேளைகூட விடவில்லை என்று மனைவி அழுதபடி புட்டியை நீட்டினாள். வழக்கமான கடையில் சரக்கில்லாமல் வேறு கடையில் வாங்கியது அது.

வாங்கிய அன்றே மைக்காரர் அதைச் சோதித்திருந்தார். மஞ்சளாக ஒளிர்ந்தது, நிம்மதியாக வைத்துவிட்டார். இப்போதுதான் தேதியைப் படித்தார். தயாரித்தது இந்த மாதம். இந்த மாதத்து மை நீலம். மஞ்சள் சென்ற மாதத்தது.

அந்த மஞ்சள் மிச்சம் உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. கதையில் வரும் ஓநாய் ஆட்டுத்தோலைத் திருடித்தான் போர்த்திக்கொள்ளும். இங்கே ஆடே தோலைக் கழற்றிக் கொடுத்திருந்தது.

சேதி கேட்டுத் தலைதெறிக்க ஓடிவந்த தம்பியிடம் அவர் புட்டியை நீட்டினார். அதைப் பார்த்ததும் அவன் இரண்டடி பின்வாங்கினான்.

"லேபிள் மட்டும்தாண்ணே அடிச்சேன். உள்ள என்ன போடறாங்கன்னு கேக்கல."

"கேட்டிருந்தா?"

"அடிச்சிருக்க மாட்டேன்." அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். "அதனாலதான் கேக்கல."

உள்ளே குழந்தை கண்விழித்தாள் என்று செவிலி வந்து சொன்னாள். சித்தப்பா வந்திருக்கிறாரா என்று அவள் கேட்டாளாம். தம்பியால் அந்தக் கதவைத் தாண்ட முடியவில்லை.

அவன் நேராகக் காவல் நிலையத்துக்குப் போய், லேபிள் கேட்டவனைக் காட்டிக்கொடுத்து, அச்சுத் தகடுகளையும் ஒப்படைத்தான். மை வெளியே போன வழியை மைக்காரர் தம் மேலாளரிடம் தாமே சொன்னார். கடைகளில் இருந்த புட்டிகளை அதிகாரிகள் எடுத்துவிட்டார்கள். ஏற்கெனவே வீடுகளுக்குப் போனவை மிச்சம்.

அந்த மருந்தை விற்ற கடைக்காரர் வழிகாட்ட, ஒரு காவலர் பின்தொடர, தம்பி தெருத்தெருவாக நடந்தான். முதல் வீட்டில் ஒரு முதியவர் கதவைத் திறந்தார். அவன் கைகூப்பினான்.

"ஐயா, அந்த மாத்திரையப் போடாதீங்க, அது போலி. லேபிள் அடிச்சது நான்தான். இந்தாங்க, இது நல்ல மருந்து."

முதியவர் அவனைக் கேட்கக் கூடாத வார்த்தைகளால் ஏசினார். தம்பி தலைகுனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, பழைய புட்டியை வாங்கிக்கொண்டு, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினான்.